விதையும் நெற்றும் வைத்துக் கொலுவுக்குக் கற்பக மரம்: வண்டு வராமல் காப்பது எப்படி?

பரண்மேல் பொம்மை (மேற்கு மாம்பலம்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

போன வருஷம் கொலுப் படிக்குப் பின்னாடி மாட்ட பயறுலயே ஒரு மயில் பண்ணியிருந்தேன். கழுத்துக்குப் பாசிப்பயறு, தோகைக்குக் காராமணியும் துவரையும், நடுவுல கண்ணு கண்ணா கறுப்பு உளுந்து. வந்தவங்க சுண்டலைக் கையில வெச்சுக்கிட்டு அதைத்தான் போட்டோ எடுத்தாங்க. நவராத்திரி முடிஞ்சதும் பழைய வேட்டியில சுத்திப் பரண்ல ஏத்தியாச்சு. போகிக்கு வீட்டை ஒழிக்கறப்போ இறக்கிப் பார்த்தா வேட்டி மடிப்பு பூரா மாவு. கழுத்துல ஒவ்வொரு பயறுலயும் உருண்டையா ஒரு ஓட்டை. தோகையை லேசாத் தொட்டா கொட்டுது. எங்க வீட்டுக்காரர், "மயில் தின்ன வேண்டிய பூச்சி மயிலைத் தின்னுடுச்சு"ன்னு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

அதனால இந்த வருஷம் பயறே வேண்டாம், மரத்துலேர்ந்து விழுந்ததை மட்டும் வெச்சுப் பண்ணலாம்னு இருக்கேன். 4 அடிக்கு 3 அடி, கற்பக மரம். ஆடிக் காத்து புண்ணியத்துல தினம் காலையில நடக்கப் போறப்போ ஒரு பை நிறையக் கிடைக்குது. இதுவரைக்கும் சேர்ந்தது: மயில்கொன்றை நெற்று (முழ நீளம், ரெண்டாப் பிளந்தா உள்ளே குறுக்குக் குறுக்கா பள்ளம் பள்ளமா இருக்கே, அதுதான் எனக்கு மரத்தோட பட்டை), வாகை நெற்று, மகாகனி ஓடு, அதோட றெக்கை விதை, பீச்சுல பொறுக்கின சவுக்குக்காய், தெருமுனையில இருக்கற தூங்குமூஞ்சி மரத்துக் காய். மஞ்சாடி ஒரு டப்பா நிறைய இருக்கு, என் மாமியார் பல்லாங்குழிக்கு வெச்சிருந்தது. பூஜை அலமாரியில குன்றிமணியும் ஒரு பொட்டலம் இருக்கு.

என் சந்தேகம்: இதுலயும் வண்டு வருமா? மேல வார்னிஷ் அடிச்சுட்டா தப்பிக்குமா? எந்தப் பசை? எல்லாத்தையும் விட முக்கியம், பேத்திக்கு ரெண்டு வயசு. கையில கிடைச்சது எதுவா இருந்தாலும் நேரா வாய்க்குத்தான் போகும். குன்றிமணியை வைக்கலாமா கூடாதா? கொலு முடிஞ்சதும் மறுபடியும் அதே பரண்தான், வேற இடம் இல்லை.

கொட்டாங்குச்சி (பெரம்பூர்)

மேடம், பின்னணிக்குத் துணி எதுவும் வாங்காதீங்க. தென்னை மட்டை அடியில வலை மாதிரிச் சுத்தியிருக்குமே பன்னாடை, அதை மரம் ஏறுறவர் கிட்டச் சொல்லி வெச்சா ஒரு கட்டு இறக்கித் தருவார். தண்ணியில ஊறப்போட்டு, பலகைக்கு அடியில வெச்சு நீவினா தட்டையாயிடும். அந்தப் பழுப்பு மேல மஞ்சாடிச் சிவப்பு எடுத்துக் கொடுக்கும் பாருங்க. குரும்பையையும் விடாதீங்க, காய்ஞ்சா கன்னங்கரேல்னு ஆயிடும்.

மஞ்சாடி பத்தலைன்னா பார்க் டவுன்ல ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகள்ல கேளுங்க. பொறுக்கறதுன்னா ரோட்டோரம், அப்பார்ட்மெண்ட் வாசல் போதும். கிண்டி தேசியப் பூங்காவுக்குள்ள போய்க் கீழே கிடக்குதேன்னு ஒரு நெற்றைக்கூட எடுத்து வந்துடாதீங்க, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குத்தம்.

பழைய ஹெர்பேரியம் (அடையாறு)

அம்மா, ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் உலர்த்திய செடித் தாள்களைக் காவல் காத்து ஓய்வு பெற்றவன் நான். என் வேலையில் முக்கால்வாசி பூச்சியோடு மல்லுக்கட்டுவதுதான். அதனால் என் பதில் கலையைப் பற்றிக் கொஞ்சமும் வண்டைப் பற்றி நிறையவும் இருக்கும்.

உங்கள் மயிலைத் தின்ற வண்டு பரணில் வந்து ஏறியதாக எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் பயறோடு கடையிலிருந்தே வந்திருக்கும். பயறு வண்டு முட்டையைப் பயறின் தோல் மேல் ஒட்டிவிட்டுப் போகும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ரவையில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். புழு அந்தப் புள்ளிக்கு நேர் அடியிலேயே தோலைத் துளைத்து உள்ளே போய்விடுவதால் வெளியே ஓட்டை எதுவும் தெரியாது. உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகும். வெளியே வரும் நாள் நெருங்கும்போது தோலை மட்டும் மெல்லியதாக விட்டு வட்டமாகச் செதுக்கி வைக்கும். பயறை வெளிச்சத்தில் திருப்பினால் அந்த வட்டம் மங்கலாகத் தெரியும். வண்டு அதைத் தள்ளிக்கொண்டு வந்த வழிதான் நீங்கள் பார்த்த ஓட்டை. நம் ஊர்ச் சூட்டில் இவ்வளவும் ஏறக்குறைய நாலு வாரத்தில் முடிந்துவிடும். நவராத்திரியிலிருந்து போகி வரை எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே வார்னிஷ் காப்பாற்றாது. உள்ளே இருப்பது வார்னிஷையும் சேர்த்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். முதலில் கொல்ல வேண்டும், பிறகு காய வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பசை. இந்த வரிசை மாறினால் என்ன பூசினாலும் வீண்.

கொல்ல இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று குளிர். ஜிப் உள்ள பாலிதீன் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் நம் ஊர்க் காற்றின் ஈரமெல்லாம் விதை மேல் வியர்த்து நிற்கும். பிறகு இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துவிட்டு மறுபடியும் ஒரு வாரம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் மேலே இருக்கும் சின்ன ஐஸ் பெட்டியை நம்ப வேண்டாம். மைனஸ் 18 டிகிரியாவது வேண்டும், அது பெரும்பாலும் அவ்வளவு கீழே போகாது.

இன்னொன்று வெயில், அதுவும் வெறும் வெயில் இல்லை. மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தார்ப்பாய் விரித்து, விதைகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளைப் போட்டு, நாலு பக்கமும் செங்கல் வைத்து அடைத்துவிடுங்கள். உள்ளே சூடு 60 டிகிரியைத் தொட்டால் ஒரு மணி நேரத்தில் முட்டை முதல் வண்டு வரை எல்லாம் முடிந்தது. ஆடி மாதத்தில் மேகம் வந்து வந்து போகும் என்பதால் பதினொன்று மணிக்குப் போட்டு மூன்று மணிவரை விட்டுவிடுங்கள். தட்டில் கொட்டி மாடிப்படியில் வைக்கும் சாதாரணக் காய்ச்சல் வண்டுக்கு உல்லாசப் பயணம், அவ்வளவுதான்.

நீங்கள் சேர்த்ததில் சந்தேகப்பட வேண்டியவை இரண்டு. வாகை நெற்றை எடுத்து ஒவ்வொரு விதை மேட்டையும் பாருங்கள், பாதி நெற்றில் ஏற்கெனவே ஓட்டை இருக்கும். அதைக் கட்டாயம் ஃப்ரீசரில் போடுங்கள். தூங்குமூஞ்சிக் காய் வேண்டவே வேண்டாம். அதன் சதையில் சர்க்கரை, மாடு ஓடி ஓடித் தின்னும். எறும்பும் பூசணமும் மாட்டைவிட ஆசையாக வரும். மஞ்சாடியைப் பற்றிக் கவலையே இல்லை. தோல் அப்படிக் கல். நிறமும் போகாது, உங்கள் மாமியார் டப்பாவே சாட்சி. மயில்கொன்றை நெற்றும் மகாகனி ஓடும் வெறும் மரம், நன்றாகக் காய்ந்திருந்தால் போதும். மகாகனியின் றெக்கை விதைகளை இலையாக வையுங்கள். ஆனால் விதை இருக்கும் தடித்த நுனியை வெட்டி எறிந்துவிட்டு றெக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு பற்றி: பழைய பொன் நிறுவையில் 2 குன்றிமணி 1 மஞ்சாடி. 4 மஞ்சாடி ஏறக்குறைய 1 கிராம். நெருக்கமாக ஒட்டினால் ஒரு சதுர அடிக்குச் சுமார் 400 கிராம் பிடிக்கும். பழக்கொத்துகளுக்கு மட்டும் என்றால் உங்கள் டப்பா தாராளம்.

இலைக்கு நான் சொல்லும் வழி அரச இலை. முற்றிய இலைகளைத் தண்ணீரில் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவிட்டு, பச்சை கழன்று வரும் பதத்தில் எடுத்து, தட்டில் பரப்பிப் பழைய பல்துலக்கும் பிரஷால் காம்பிலிருந்து நுனி நோக்கித் தட்டித் தட்டி எடுங்கள். தேய்த்தால் கிழியும். சதை போய் நரம்பு வலை மட்டும் நிற்கும், வால் நுனிகூட முழுசாக வரும். சோடா ஒத்துக்கொள்ளாத கை என்றால் உறை போட்டுக்கொள்ளுங்கள். பொறுமை உள்ளவர்கள் வாரக்கணக்கில் வெறும் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வார்கள். அந்த வாளியின் நாற்றத்தை வீட்டில் மற்றவர்கள் தாங்க வேண்டும்.

கடைசியாக என் சொந்த அபிப்பிராயம், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நெற்றுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள். தங்கக் கலர் ஸ்ப்ரே அடித்த சவுக்குக்காயை எந்தப் பரிசுப்பொருள் கடையிலும் வாங்கலாம். வார்னிஷ் அடித்தே ஆக வேண்டுமென்றால் பளபளப்பில்லாத மேட் வகை, ஒரே ஒரு கை.

ராயபுரம் சிஸ்டர் (ராயபுரம்)

குழந்தை விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். அவசர சிகிச்சைப் பிரிவுல வேலை.

குன்றிமணி வேண்டாம் ஆன்ட்டி. அதுல அப்ரின்னு ஒரு விஷம் இருக்கு. தோல் உடையாம முழுசா முழுங்கினா பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துடும். ஆனா மென்னாலோ, கோக்கறதுக்காக ஊசியால ஓட்டை போட்டிருந்தாலோ விஷம் இறங்கும். அதுக்கு முறிவு மருந்து கிடையாது. வாந்தி, பேதி தொடங்கச் சில மணி நேரம் ஆகும், அதனால "குழந்தை நல்லாத்தானே விளையாடுது"ன்னு வீட்டுல உட்கார்ந்திருக்கக் கூடாது. முழுங்கிட்டான்னு சந்தேகம் வந்தாலே மீதி விதையையும் கையில எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பணும். வெளிநாட்டுலகூட 2011 கடைசியில இங்கிலாந்துல ஈடன் புராஜெக்ட் தோட்டத்துக் கடையில வித்த குன்றிமணிக் கைவளையல்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

பிள்ளையார் சதுர்த்தி வேற வருது. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணா வைக்கற ரெண்டு மணியும் குன்றிமணிதான். பிள்ளையாரைக் கரைக்கறதுக்கு முன்னாடி ரெண்டும் இருக்கான்னு பாருங்க, காய்ஞ்சு தரையில உதிர்ந்து கிடக்கும்.

இதே கணக்குல ஆமணக்குக் கொட்டை, மஞ்சள் அரளிக் கொட்டை, ஊமத்தங்காய் எல்லாம் பார்க்க அழகா இருந்தாலும் ஓவியத்துல வேண்டாம். மஞ்சாடி குன்றிமணி அளவுக்கு விஷமில்லைதான். ஆனா ரெண்டு வயசுல எந்த விதையும் மூச்சுக்குழல்ல போய் அடைக்கும், மூக்குல காதுல ஏத்திக்கும். காதுல போனா எண்ணெய், தண்ணி எதையும் ஊத்தாதீங்க, விதை ஊறி உப்பிடும். குழந்தைக்கு எட்டற உயரத்துல விதை இருக்கக் கூடாது. கீழ் ஒரு அடிக்கு வெறும் பட்டையும் பன்னாடையும் போதுமே.

ஃபிரேம்கடை தம்பி (வியாசர்பாடி)

அக்கா, சார் சொன்னதுல பசை விட்டுப்போச்சு, அது நம்ம ஏரியா.

சாதா வெள்ளை ஃபெவிகால் வெயில்ல கல்லு, மழையில ஜவ்வு. நவம்பர்ல பரண்ல ஈரம் ஏறுச்சுன்னா மஞ்சாடியெல்லாம் ஒண்ணு ஒண்ணா வழுக்கி இறங்கிடும். ஃபெவிகால்லயே மரைன்னு தண்ணிக்குத் தாங்கற வகை இருக்கு, அதை வாங்குங்க. மகாகனி ஓடு, பெரிய நெற்று மாதிரி கனமானதுக்கு ரெண்டு டியூபைக் கலக்கற அரால்டைட். ஃபெவிக்விக் வேணவே வேணாம், சுத்தி வெள்ளையா ஆவி படிஞ்சு அசிங்கமாயிடும். க்ளூ கன் சீக்கிரம் ஒட்டும்தான், ஆனா மேல் மாடி வீடுன்னா சித்திரை வெயில்ல பரண்ல இருக்கற சூட்டுக்குப் பசை இளகிடும்.

பலகைக்கு எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்யற பலகை) வேணாம், ஓரத்துல ஈரம் பட்டா ஊதிடும். 12 மில்லி மரைன் ப்ளை எடுங்க. ஆனா 4க்கு 3 ஒரே பலகைன்னா வெறும் ப்ளையே எட்டுக் கிலோ கிட்ட வரும், அதுக்கு மேல உங்க நெற்று வேற. அண்ணனால பரணுக்குத் தூக்க முடியாது. மூணு துண்டாப் பண்ணுங்க, ஒவ்வொண்ணும் 16 அங்குல அகலம். நடுத்துண்டுல மரம், ரெண்டு பக்கமும் கிளை. கிளை ஜாயிண்ட் மேல வர்ற மாதிரி மட்டும் நெற்றை ஒட்டாதீங்க. பின்பக்கமும் ஓரமும் பெயிண்ட் அடிச்சுடுங்க, ஈரம் அங்கேர்ந்துதான் ஏறும்.

முன்னாடி கண்ணாடி வேணும்னா பாக்ஸ் ஃபிரேம், ரெண்டு அங்குலமாவது ஆழம். பாரிமுனைப் பக்கம் தேவராஜ முதலி தெருவுல ரெடியாவும் கிடைக்கும், அளவு கொடுத்தும் போடலாம். பாப்பா இருக்கறதால கண்ணாடிக்குப் பதிலா அக்ரிலிக் போடுங்க.

இன்னொண்ணு. கொலுன்னா குத்துவிளக்கு, சீரியல் செட். காய்ஞ்ச நெற்று, பன்னாடை, வார்னிஷ், எல்லாம் பத்திக்கற ஐட்டம். இலவம் பஞ்சு மேகம் வைக்கலாம்னு யாராச்சும் ஐடியா கொடுத்தா கேட்காதீங்க. விளக்கை முன்னாடிப் படிக்குக் கீழே தள்ளி வைங்க, சீரியல் பல்பைப் பலகை மேல சுத்தாதீங்க.

கொட்டாங்குச்சி (பெரம்பூர்)

ஃபெவிகால் எல்லாம் எதுக்கு, புளியங்கொட்டைப் பசை இருக்கே? தஞ்சாவூர் ஓவியத்துலயே பலகை மேல துணி ஒட்ட அதைத்தானே போட்டாங்க?

பழைய ஹெர்பேரியம் (அடையாறு)

போட்டார்கள், அருமையான பசை. ஆனால் அது மாவு. ஒட்டியதை வண்டு தின்கிறது என்று புலம்பும் இடத்தில் பசையையும் தின்னக் கொடுப்பானேன்? அச்சகங்களில் புத்தகம் கட்டும் மாவுப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். எங்கள் துறையிலும் பழைய காலத்துத் தாள்களுக்குப் பாதரசக் குளோரைடு பூசியிருந்தது, அவற்றை இன்றும் உறை போட்டுத்தான் தொட வேண்டும். இரண்டுமே விஷம். ரெண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் ஃபிரேம்கடை தம்பி சொல்வதைக் கேளுங்கள்.

பரணில் வைக்கும்போது வேட்டியில் சுற்றாதீர்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தடித்த பாலிதீன் உறையில் போட்டு, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்து, டேப் ஒட்டி மூடிவிடுங்கள். நல்ல காய்ந்த நாளாகப் பார்த்து மூடுங்கள். ஐப்பசி மழையில் மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகிவிடும். வசம்புத் துண்டு போட்டால் நல்லதுதான், புதிதாக வரும் பூச்சி தயங்கும். உள்ளே ஏற்கெனவே இருப்பதை அது ஒன்றும் செய்யாது.

பரண்மேல் பொம்மை (மேற்கு மாம்பலம்)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சிஸ்டர், குன்றிமணிப் பொட்டலத்தைப் படிச்ச உடனே பீரோ லாக்கர்ல வெச்சுப் பூட்டிட்டேன். தம்பி, மூணு துண்டு யோசனை பிரமாதம், வீட்டுக்காரர் உங்களை நேர்ல பார்க்கணும்னு சொல்றார்.

சார், தூங்குமூஞ்சிக் காயை வெளியே போட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே பை அடியில எறும்பு வரிசை கட்டியிருந்தது. வாகை நெற்றை வெளிச்சத்துல காட்டிப் பார்த்தேன், நல்லதுன்னு நினைச்சு எடுத்து வெச்சதுல பாதி ஓட்டை. மீதி ஃப்ரீசர்ல இருக்கு, ஐஸ்கிரீமுக்கு இடமில்லைன்னு வீட்டுல ஒரே சண்டை. பதிலை வெங்கடாஜலபதி கோவில்ல லட்டு கொடுக்கற மாதிரி எல்லாரும் அள்ளிக் கொடுத்துட்டீங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். சரக்கொன்றைக் காய் வைக்கலாமா? ரெண்டடி நீளத்துல கறுப்பா உருண்டையா அழகா இருக்கு, கிளைக்கு ஆகும். அப்புறம் கோவில் வாசல்ல நாகலிங்கக் காய் ஒண்ணு விழுந்து கிடந்தது, தலை அளவு. அதை அடிமரத்துக்குப் பக்கத்துல கும்பம் மாதிரி வைக்கலாமான்னு பார்க்கறேன்.

பழைய ஹெர்பேரியம் (அடையாறு)

சரக்கொன்றையைக் குலுக்கிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே நன்றாகக் காய்ந்துவிட்டது, வைக்கலாம். சத்தம் வராவிட்டால் உள்ளே தட்டுத் தட்டாக இருக்கும் அறைகளில் கறுப்புப் பிசின் இன்னும் ஈரமாக இருக்கிறது, அது பின்னால் கசியும், பூச்சியையும் கூப்பிடும். காயை உடைத்து அந்தத் தட்டுகளை மட்டும் கழுவிக் காய வைத்தாலும் சரி. காசு அளவில் மெல்லிய வட்டங்கள், வேரடியில் அடுக்கினால் நன்றாக இருக்கும்.

நாகலிங்கக் காய் கூடாது. முழுசாக இருக்கும்வரை சாதுவாகத்தான் இருக்கும். எங்காவது ஒரு விரிசல் விட்டதோ, சதை நீலம் பாரித்து நாற ஆரம்பிக்கும், கொலுவுக்கு வந்தவர்கள் வெற்றிலை பாக்குகூட வாங்காமல் போய்விடுவார்கள். ஓடு மட்டும் வேண்டுமானால் மாடியில் வைத்து உடைத்து, சதையைச் சுரண்டி எடுத்து, பல நாள் வெயிலில் போட்டு எடுங்கள்.

பரண்மேல் பொம்மை (மேற்கு மாம்பலம்)

சார், லேட். நேத்தே எடுத்துட்டு வந்து மாடிப்படி திருப்பத்துல வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில கீழ்வீட்டு அம்மா வந்து, உங்க வீட்டுல ஏதாவது எலி செத்துக் கிடக்கான்னு கேட்டுட்டுப் போறாங்க.